படிப்பு ஸ்காலர்ஷிப்பா, ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பா, எதை நம்பலாம்?

மகள் வாலிபாலும் ஆடுகிறாள், மார்க்கும் வாங்குகிறாள், எந்த ஸ்காலர்ஷிப்பை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு கல்லூரிக் கோச் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. தங்கச்சி எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் தேர்வில் பாஸ். ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை பணம் அவள் கணக்கில் விழுந்தது (இப்போது வருடத்துக்கு 12,000 ரூபாய்). வீட்டு வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். அவள் டைபாய்டில் படுத்துக் கிடந்ததை யாரும் கேட்கவில்லை.

என்னை கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப்பக்கம் ஒரு வாலிபால் டோர்னமென்டில் பார்த்துவிட்டு வெளியூர்க் கல்லூரி ஒன்று கூப்பிட்டது. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். பதிலுக்கு விடியுமுன் கிரவுண்டில் நிற்க வேண்டும், மேட்ச் என்றால் இன்டர்னல் டெஸ்டும் போச்சு. இரண்டாம் வருடம் பிளாக் போட்டு இறங்கும்போது முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. மூன்றாம் வருடம் ஆபீஸில் முழு ஃபீஸ் சலானை நீட்டினார்கள். "டீம் லிஸ்ட்ல உன் பேரு இல்லையேம்மா." எல்லாம் வாய்ப்பேச்சு, கையில் ஒரு காகிதம் கிடையாது. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. அது ஜூன் மாதம், மழையில் வெட்டும் இல்லை.

உடனே "ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் முன்னேறியவர்கள் இல்லையா" என்று சண்டைக்கு வராதீர்கள். என்னோடு ஆடியவள் ரயில்வேயில் இருக்கிறாள். அப்புறம், கோட்டா வேறு, ஸ்காலர்ஷிப் வேறு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கிறது. அதில் கிடைப்பது சீட், ஃபீஸ் தனி.

படிப்புப் பணம் எடுத்த மார்க்குக்கு வருவது. ஸ்போர்ட்ஸ் பணம் இனிமேல் ஆடப்போகும் ஆட்டத்துக்கு வருவது. அதனால் கோச்சிடம் ஒன்றைக் கேளுங்கள்: அடிபட்டு ஒரு சீசன் உட்கார்ந்தால் சலுகை தொடருமா? தொடரும் என்றால் கல்லூரி லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் மார்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தையும் விட வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்களுக்கு டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் ஃப்ளெக்ஸுக்கும் மைக்செட்டுக்கும் அள்ளி விடுகிறார்கள். பிள்ளைகள் ஜெர்சி மாற்ற ஒரு மறைப்பு கட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, பாத்ரூம் போயிட்டு வரட்டா" என்று கெஞ்ச வேண்டும். போன மாதமும் அதே கதைதான். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் பந்தல் இருந்தது.