வாசகர் கேள்வி – பதில்: வெயிலூரில் கம்பளித் தொழில்

கேள்வி: எனக்குக் கம்பளி நூலில் பின்னத் தெரியும். வீட்டிலிருந்தே சுவெற்றர், தொப்பி போன்றவற்றைச் செய்து விற்க விரும்புகிறேன். "இந்த வெயிலூரில் யார் வாங்குவார்கள்?" என்று வீட்டார் கேட்கிறார்கள். எப்படித் தொடங்கலாம்?
– வாசகி, செங்கலடி

பதில்: வீட்டார் கேட்பதில் நியாயம் உண்டு, ஆயினும் செய்கின்ற ஊரிலேயே விற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஊரைத் தொடும் ஏ5 வீதியே மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக, ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குச் செல்கிறது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், இரவிரவாக மலையேறுகின்ற யாத்திரிகர்களுக்குத் தொப்பியும் மப்ளரும் தேவைப்படுகின்றன. அவர்களுள் நம் மாவட்டத்தவரும் இருக்கிறார்கள். ஊரிலும், மார்கழி மழைக்குள் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் தேடுவோர் உண்டு.

ஆனால் சுவெற்றரில் தொடங்காதீர்கள். பெரியவர் ஒருவருக்கான சுவெற்றர் ஏறத்தாழ அரைக் கிலோ நூலையும் பல நாள் உழைப்பையும் விழுங்கிவிடும். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய ஜக்கெட்டுகள் மலிவாக விற்கப்படும் நுவரெலியாச் சந்தையில் அந்த உழைப்புக்குரிய விலையை ஒருவரும் தரமாட்டார். ஒரு தொப்பிக்கோ 100 கிராம் நூற்பந்து ஒன்றே பெரும்பாலும் போதும். விற்காமல் நின்றாலும் இழப்பு சிறியது. விலை குறிக்கும்போது நூலின் விலையோடு, பின்னிய மணித்தியாலங்களுக்கு உங்கள் பகுதியில் வழங்கும் கூலியையும், பஸ் செலவையும், கடைக்காரர் எடுக்கும் பங்கையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வீட்டில் இருந்து செய்வதுதானே என்று கூலியை விட்டுவிடுவதே இத்தகைய தொழில்கள் பலவற்றைப் படுக்கவைக்கிறது.

உண்மையான ஆட்டுக் கம்பளி ஈரத்தை உறிஞ்சியும் சூடு காக்கும். எனினும் விலை கூடியது, சுடுநீரில் அலசினால் சுருங்கித் தடித்துவிடும், பூச்சியும் அரிக்கும். ஆகவே தொடக்கத்துக்குச் செயற்கை இழையான அக்ரிலிக் நூலே ஏற்றது. ஓர் உருப்படிக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத் தொகுதி இலக்கத்தில் (ஒரே தடவையில் சாயமிட்ட நூலுக்கு இடப்படும் இலக்கம்) வாங்குங்கள். இலக்கம் மாறினால் நிறம் சற்றே மாறி, பின்னி முடித்த பிறகு கோடாகத் தெரியும். முதலில் 10 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றைப் பின்னி, கழுவி உலர்த்தி, கண்ணிகளை எண்ணிய பின்னரே அளவைத் தீர்மானியுங்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்குமாதலால், முழுதாக உலராத எதையும் பொலித்தீன் பையில் அடைக்கக்கூடாது.

சொந்தப் பெயரல்லாத வியாபாரப் பெயரில் விற்பதாயின் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யவேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின்னத் தெரியாத எனக்குத் தையல் மட்டும் போதுமா?
– வாசகி, கல்முனை

பதில்: போதும். கம்பளிபோல மெத்தென்றிருக்கும் பிளீஸ் (fleece) என்ற செயற்கைத் துணியில் தையுங்கள். அதன் ஓரம் நூல் பிரியாது என்பதால் ஓவர்லொக் இயந்திரம் இல்லாமலும் தைக்கலாம். முனை உருண்ட ஊசியும், இழுபட்டாலும் அறாத வளைதையலும் (சிக்சாக்) வேண்டும். சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் துணி உருகிவிடும். குழந்தைகளின் தொப்பியிலும் கழுத்துப் பகுதியிலும் நாடா வைக்காதீர்கள். அது கழுத்தை இறுக்கக்கூடும்.