மாதம் 500 ரூபாயில் குழந்தைகள் இல்லங்களுக்கு எப்படி உதவலாம்?

பெரிய தொகை கொடுக்க வசதியில்லை, ஆனாலும் ஏதாவது செய்யணும் என்று கேட்டிருக்கிறீர்கள். 500 ரூபாய் தாராளமாகப் போதும், மாதாமாதம் தவறாமல் போனால் சரி. போன தீபாவளிக்கு நான் போயிருந்த இல்லத்தில் அன்றைக்கு மட்டும் மூன்று பேர் பிரியாணி கொண்டுவந்திருந்தார்கள், பாதிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அதே இல்லத்தில் ஜூனில் பள்ளி திறக்கும்போது செருப்புக்கும் ஜியோமெட்ரி பாக்ஸுக்கும் நாப்கினுக்கும் வார்டன் அக்கா ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பட்டன் போன சட்டையை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள், அது தானம் இல்லை, வீட்டைக் காலி செய்வது.

பணமே முடியாதென்றால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுக்கலாம், பார்வையற்ற மாணவருக்குப் பரீட்சை எழுதிக்கொடுக்கலாம்.

அப்புறம், 2015 சிறார் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்துப் போடாதீர்கள். வரிச்சலுகை வேண்டுமா? 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, அந்தச் சலுகையும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான்.