தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கும் 56 வயதுக்காரருக்குப் பார்வை மங்குவது வயதால் மட்டும்தானா?

அப்பாவுக்கு 56 வயது, சர்க்கரை இருக்கிறது, தினமும் இரவில் ஒரு குவார்ட்டர் குடிப்பார், சில மாதங்களாகப் பார்வை மங்குகிறது என்கிறார், கண்ணாடியை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அங்கே குடியைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். கள்ளச்சாராயம் குடித்தால்தான் கண் போகும், கடைச் சரக்கு கண்ணை ஒன்றும் செய்யாது என்று உங்களுக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இதே பேச்சை எங்கள் வீட்டிலும் பலர் பேசினார்கள், அதனால் என் அண்ணனின் சிகிச்சை பல மாதங்கள் தள்ளிப்போனது. ஆகவே அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

கள்ளச்சாராயத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அங்கே சாராயத்தில் இருந்தது மெத்தனால். அது கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பின் செல்கள் மூச்சு விடுவதையே நிறுத்திவிடுகிறது. ஓரிரு நாளில் பார்வை போய்விடலாம். ஆனால் மூடி போட்டு, முத்திரை ஒட்டி வரும் சரக்கு கண்ணைத் தொடாது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அதன் வழி வேறு, வேகம் வேறு.

அண்ணன் ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருப்பவர். தளத்தில் பதிக்கும் பூக்கல்லை வெளியூர்க்காரர்கள் கடையில் பார்த்திருப்பார்களே தவிர, அது உருவாகும் விதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்: கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே சிமெண்டும் எங்கள் ஊர் மணலும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். வண்ணப் பொடியை எவ்வளவு சேர்ப்பது என்பதை அண்ணன் ஒருநாளும் தராசில் நிறுத்தவர் அல்லர், கண்ணாலேயே அளப்பார். கானாடுகாத்தானில் பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர், வந்திறங்கிய கல்லைப் பழைய கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, செவப்பு ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு? பழைய கல்லோட சேரவே மாட்டேங்குதே" என்றார். அண்ணனுக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. சிவப்பு அவர் கண்ணுக்கு வெளுத்துத் தெரிந்ததால், நிறம் வரும்வரை பொடியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார் என்பது பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது.

கல்லின் கரையில் வர வேண்டிய பச்சை மாறியது, பேருந்தின் பெயர்ப்பலகை தெரியவில்லை, எதிரே நிற்பவரின் முகம் மட்டும் மங்கி, அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும் தூணும் தெளிவாகத் தெரிந்தன. வலி இல்லை, கண் சிவக்கவில்லை. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி, மெல்ல மெல்ல மங்கியதால், ஒரு கண்ணை மூடி மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அவருக்கு வழி இருக்கவில்லை. கண்ணாடிக் கடையில் பவரை மாற்றினார்கள், சில மாதம் கழித்து மறுபடியும் மாற்றினார்கள். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்று ஒருவர் திரும்பி வந்து சொன்னால், கோளாறு கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறது, மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லி அனுப்புவதுதானே முறை? வயதாகிறது, புரை ஆரம்பம் என்று சொல்லி மூன்றாவது கண்ணாடிக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

மதுரையில் பார்த்த மருத்துவர், பல நிறப் புள்ளிகளுக்கு நடுவே எண்கள் மறைந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டினார். நாற்பது ஆண்டுகள் நிறத்தோடு வாழ்ந்த மனிதரால் அதில் பெரும்பாலான எண்களைப் படிக்க முடியவில்லை. கண்மணியை விரித்துப் பார்த்தார்கள், விழித்திரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்வைப் புலச் சோதனையில் நடுப்பகுதி மட்டும் மறைந்திருந்தது. மூளையில் கட்டி எதுவும் நரம்பை அழுத்தவில்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, இரத்தத்தில் பி12 வைட்டமின் குறைவாக இருப்பதையும் பார்த்த பிறகு, மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார்: எவ்வளவு குடிக்கிறீர்கள், புகைக்கிறீர்களா, இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

"அளவாத்தான் சார், ஒரு குவார்ட்டர்தான்" என்றார் அண்ணன். அந்த அளவை மருத்துவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால் ஏறக்குறைய 77 மில்லி, எடையில் 60 கிராமுக்குச் சற்று மேல். உலக அளவில் பல நாடுகள் 10 கிராம் ஆல்கஹாலை ஒரு பானம் என்று கணக்கிடுகின்றன. அப்படியானால் அண்ணன் தினமும் அருந்தியது ஆறு பானங்கள். கூடவே பீடி. இரவுச் சாப்பாடு என்ன என்பதற்கு மதினிதான் பதில் சொன்னார்: மிக்சரும் சுண்டலும், சோற்றைத் தொட்டுப் பல காலமாயிற்று. குடியும் பீடியும் சத்துக் குறைவும் சேர்ந்து கண் நரம்பைப் பாதித்திருக்கின்றன என்றார் மருத்துவர்.

ஊருக்குத் திரும்பியதும் உறவுக்காரர்கள் நம்ப மறுத்தார்கள். கோழியும் மீனும் முட்டையுமாகச் சமைக்கும் செட்டிநாட்டு வீட்டில் சத்துக் குறைவா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை நீங்களும் எதிர்கொள்வீர்கள் என்பதால் விளக்குகிறேன். அடுப்படியில் வேகும் சத்து வேறு, நரம்புக்குப் போய்ச் சேரும் சத்து வேறு. மது குடலில் தயமின் என்னும் பி1 சத்தும் ஃபோலிக் அமிலமும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, கல்லீரல் அவற்றைச் சேமித்து வைப்பதையும் கெடுக்கிறது, பசியையும் கொன்றுவிடுகிறது. விழித்திரையின் நடுப்பகுதியிலிருந்து மூளைக்குச் செல்லும் மெல்லிய இழைகளுக்கு ஓயாமல் சக்தி தேவைப்படுவதால், பற்றாக்குறை முதலில் அங்கேதான் தாக்குகிறது. நிறமும் நடுப்பார்வையும் முதலில் போவது அதனால்தான். கியூபாவில் 1991 முதல் 1993 வரை உணவுத் தட்டுப்பாடு நிலவியபோது 50,000-க்கும் மேற்பட்டோருக்குக் கண் நரம்பும் மற்ற நரம்புகளும் இப்படிப் பாதிக்கப்பட்டன. புகைத்தவர்களும் குடித்தவர்களும் கூடுதலாக அவதிப்பட்டார்கள், வைட்டமின் கொடுத்தபோது பெரும்பாலோர் தேறினார்கள்.

குடிப்பவர் எல்லோருக்கும் கண் போகும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மருத்துவனும் அல்ல, மதுவிலக்குப் பிரசாரகனும் அல்ல. நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதிகக் குடி விழித்திரை நடுப்புள்ளித் தேய்மானத்தோடும் புரையோடும் தொடர்புபட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயோடு உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல. குடித்த சில மணி நேரம் கண்ணழுத்தம் குறையவும் செய்கிறது. மிதமாக ஒயின் அருந்துபவர்களிடம் புரை அறுவை சிகிச்சை சற்றுக் குறைவாகக் காணப்பட்டது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு; அதைக் காட்டி என்னிடம் வாதிட வருபவர்கள், இங்கே பேசுவது ஒரு கோப்பை ஒயினைப் பற்றி அல்ல, வெறும் வயிற்றில் தினமும் இறங்கும் 60 கிராமைப் பற்றி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து விசேஷ வீடுகளில் ஆண்களுக்கு மாடியில் தனி ஏற்பாடு செய்து, வேண்டாம் என்று கை கூப்புபவரையும் இழுத்து உட்கார வைக்கிறார்கள். அண்ணன் சிகிச்சையில் இருக்கிறார் என்று தெரிந்தும் ஊற்றி நீட்டிய உறவினர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் குடியையும் பீடியையும் விட்டார். பி12 ஊசியும் தயமினும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள், மதினி இரவுச் சோற்றை எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தார். சில மாதங்களில் நாளிதழின் செய்திகளைப் படிக்கத் தொடங்கினார். நிறப்பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இப்போது பட்டறையில் பொடியைத் தராசில் நிறுத்துத்தான் கலக்கிறார்கள், கரை வண்ணத்தை அவர் மகன் சரிபார்க்கிறான். இன்னும் முன்னதாக வந்திருந்தால் இதையும் மீட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். நரம்பு வெளுத்துவிட்ட பிறகு எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது.

உங்கள் அப்பாவுக்கு இதே நோய்தான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. சர்க்கரை இருப்பதால் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், நிறச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாகச் சாப்பிடுகிறார் என்றால் அதுவும் பி12-ஐக் குறைக்கும். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் எடுத்தவராக இருந்தால் அதுவும் கண் நரம்பைத் தாக்கக்கூடியது. இரண்டையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தினமும் குடிப்பவர் வீட்டாரின் கோபத்துக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரலாம், சில சமயம் அது உயிருக்கே ஆபத்தாகும். எப்படி நிறுத்துவது என்பதையும் அதே மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ கேட்டு, அவர்கள் கண்காணிப்பிலேயே நிறுத்தச் செய்யுங்கள்.