பிழைப்புக்காக எழுதிய நாவல்

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஹாரியட் வில்சன் 1859இல் எழுதிய ‘அவர் நிக்’ (Our Nig) நாவலைச் சென்ற இதழில் உயர்த்திப் பேசியிருந்தீர்கள். கூந்தல் தைலம் விற்றவர், வியாபாரம் நொடித்ததும் பணத்துக்காக எழுதிய சொந்தக் கதைதானே அது? அதை இலக்கியம் என்பது வெறும் இரக்கம் அல்லவா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பணத்துக்காக எழுதியதை அவர் மறைக்கவே இல்லை. தம்மையும் தம் குழந்தையையும் காப்பாற்ற வேறு வழியின்றி இம்முயற்சியில் இறங்கியதாக முன்னுரையில் சொல்லி, தம் இனத்தவர் நூலை வாங்கி ஆதரிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கிறார். நொடித்தது அவருடைய உடல். நரைமுடியைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரும் மருந்தின் செய்முறை அவருக்குக் கிடைத்ததையும், அதைத் தாமே தயாரித்துப் பிழைக்க முனைந்ததையும், நோயின் காரணமாகவே எழுத்துக்கு வந்ததையும் நூலின் பின்னிணைப்புக் கடிதம் ஒன்று தெரிவிக்கிறது. அவருடைய பெயர் பொறித்த கண்ணாடிக் குப்பிகள் இன்றும் கிடைக்கின்றன. நூலின் முகப்பிலோ ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எஜமான வீட்டார் அவரை அழைத்த, கறுப்பரை இழிவுபடுத்தும் ‘அவர் நிக்’ (‘எங்கள் நிக்’) என்ற வசைச்சொல்லையே மேற்கோள் குறிக்குள் அச்சிடச் செய்தார். அதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரக்கம் என்கிறீர்கள். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அடிமை முறை இல்லாத அமெரிக்க வட பகுதியில், ஆறு வயதில் தாயால் ஒரு வெள்ளையர் வீட்டில் விடப்பட்ட நாவலின் நாயகி ஃபிராடோ, சுத்தமான தட்டு ஒன்றை எடுக்கப் போகிறாள். அதைக் கீழே வைத்துவிட்டுத் தான் உண்ட எச்சில் தட்டிலேயே உண்ணுமாறு எஜமானி பெல்மான்ட் அதட்டுகிறாள். சிறுமி தன் நாயைக் கூப்பிட்டு, அந்தத் தட்டை நக்கிச் சுத்தம் செய்ய வைத்து, அதன் பிறகே அதில் உண்கிறாள். வீட்டின் மகன் ஜாக் சிரித்துவிட்டு, இதற்குக் காசு கொடுக்கலாம் என்று அரை டாலர் வெள்ளி நாணயத்தை அவளிடம் எறிகிறான். பின்னர், சமயம் பார்த்து எஜமானி அவளை நன்றாக அடிக்கிறாள். சிறுமியின் ரோஷம், வேடிக்கை பார்ப்பவனின் தாராளம், அதற்கு அவளே கொடுக்க நேரும் விலை ஆகிய மூன்றையும் ஒரே சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டும் கைக்கு நம்முடைய இரக்கம் எதற்கு?

வயதுக்கு வருவது என்றால் நமக்கு உடலின் மாற்றமே முதலில் நினைவுக்கு வரும். ஃபிராடோ வயதுக்கு வருவது விறகுக் குவியலின் அருகே. அடிக்க ஓங்கிய எஜமானியிடம், அடித்தால் இனி உனக்கு ஒரு துரும்பும் வேலை செய்ய மாட்டேன் என்று அவள் கத்துகிறாள். எஜமானியின் கை தாழ்கிறது. ஃபிராடோ வெறுங்கையுடன் வீட்டை நோக்கி முன்னே நடக்க, அவள் எடுத்துவர வேண்டிய விறகைச் சுமந்துகொண்டு எஜமானி பின்னே வருகிறாள். கண்ணீரால் அசையாத அந்த வீட்டைத் தன் உழைப்பின் மதிப்பு அசைக்கும் என்று ஒரு பெண் கண்டுகொள்ளும் இந்த இடத்தை, தன் கையால் மருந்து கலக்கி, குப்பியில் அடைத்து, விலை வைத்து விற்ற ஒருத்தி எழுதியிருப்பதில் எனக்கு வியப்பில்லை. நீங்கள் குறையாகச் சுட்டும் அந்த வியாபார அறிவு இந்நாவலின் பலங்களுள் ஒன்று என்றே கருதுகிறேன்.

தெற்கின் அடிமை முறையை எதிர்த்துக்கொண்டே தம் வீட்டுக்குள் கறுப்பரைச் சேர்க்காத வடவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நூல் கவனிப்பாரற்றுப் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். எந்தக் குழந்தைக்காக எழுதினாரோ அந்த ஜார்ஜ், நூல் வெளிவந்த ஆறு மாதத்துக்குள், 1860 பிப்ரவரியில், ஏழு வயதில் இறந்தான். ஆசிரியர் ஒரு கறுப்பினப் பெண்தான் என்று பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் நிறுவுவதற்கும், 1983இல் நூல் மீண்டும் அச்சேறுவதற்கும் துணைநின்ற ஆவணங்களுள் முக்கியமானது, நிறம் கறுப்பு என்று குறிக்கப்பட்டிருந்த அச்சிறுவனின் இறப்புச் சான்றிதழ்.