இரண்டாம் பந்தியோடு கிளம்பலாம்

அன்புள்ள அக்கா,

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கனடா, லண்டன் சொந்தங்கள் நிற்கும்போதே பெரியம்மா மகளின் கலியாணத்தையும் வைத்தார். நான் ஆட்களோடு அவ்வளவாக ஒட்டாதவன். ஒரு மணித்தியாலத்தில் தலை இடிக்கத் தொடங்கியது. யாருக்கும் சொல்லாமல் நழுவிவிட்டேன். பெரியம்மா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனம் நோகாமல் எப்படி வெளியே வருவது?
- ஒரு வாசகன், கோப்பாய்

அன்புள்ள தம்பி,

சாப்பிட்டீர்களா என்று எழுதவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெரியம்மாவின் கோபம் அதில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் கை நனைத்தவரை யாரும் பெரிதாக மறிப்பதில்லை.

அடுத்த முறை முதல் பந்தியில் பரிமாறப் போங்கள். பச்சடி வாளியைத் தூக்கியவனிடம் "வெளிநாடு போகேல்லையோ?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்; "இன்னும் கொஞ்சம் விடு தம்பி" என்பதோடு சரி. நீங்கள் வந்து நின்றது எல்லோர் கண்ணிலும் படும். இரண்டாம் பந்தியில் நீங்கள் இருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மோட்டார் சைக்கிளை மட்டும் வரும்போதே ரோட்டுப் பக்கமாக விடுங்கள். உள்ளே விட்டால், அடைத்து நிற்கும் வாகனங்களின் சொந்தக்காரரைத் தேடி மறுபடி மண்டபம் முழுக்கச் சுற்ற வேண்டும்.

பெரியம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லப் போனால் ஆளுக்கொரு கதை தொடங்கும். அதுவே வீடென்றால் படலையடியில் இன்னும் அரை மணித்தியாலம். "களைச்சுப் போனன் பெரியம்மா, போயிட்டு வாறன்" போதும். தலையிடி என்று வாய்விட்டீர்களோ, பனடோலும் தேத்தண்ணியும் வரும், உள்ளறையில் படுக்கவும் இடம் ஒதுக்குவார்கள். கடைசி பஸ் என்றால் ஏற்றிப்போக நாலு பேர் திறப்போடு எழும்புவார்கள். தனக்குள் ஒதுங்குபவர் அகமுகி, ஆட்களோடு ஒட்டுபவர் புறமுகி என்று உளவியலாளர் கார்ல் யுங் 1921இலேயே எழுதிவிட்டார்தான். அதைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தப் புறப்பட வேண்டாம்.

செத்தவீடு வேறு. அங்கே போயிட்டு வாறன் என்று சொல்லவே கூடாது. எழும்பி, பேசாமல் வந்துவிட வேண்டியதுதான். உங்களையும் என்னையும் மாதிரி ஆட்களை நினைத்துத்தான் யாரோ அந்த வழக்கத்தை வைத்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு, சொந்தங்கள் பிளேன் ஏறிய பிறகு ஒரு பின்னேரம் பெரியம்மா வீட்டுக்குத் தனியாகப் போய் வாருங்கள். ஒருவரோடு இருந்து கதைப்பது உங்களுக்குப் பாரமாக இராது. வெறுங்கையோடு போக வேண்டாம். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் போக வேண்டாம், மறித்துவிடுவார்.