தெற்கு ஆப்பிரிக்காவில் குறுந்தொலைவு விமானங்கள்: எங்கே ஏறலாம், எங்கே தவிர்க்கலாம்?

கேள்வி: நான், என் மனைவி, 68 வயதான என் தாயார் ஆகிய மூவரும் செப்டம்பர் இறுதியில் 16 நாள் பயணமாக ஜோகன்னஸ்பர்க், க்ரூகர் சரணாலயம், ஒகவாங்கோ கழிமுகம், விக்டோரியா அருவி, கேப் டவுன் ஆகிய இடங்களுக்குச் செல்லவிருக்கிறோம். இவற்றுக்கிடையே ஒன்றிரண்டு மணி நேர விமானங்கள் இருப்பதாகச் செயலிகள் காட்டுகின்றன. அவற்றைத் தனித்தனியாக மலிவு விலையில் வாங்கிக்கொள்ளலாமா? ஆளுக்கு ஒரு 23 கிலோ சூட்கேஸ் கொண்டு செல்ல எண்ணுகிறோம்.

பதில்: டிக்கெட் வாங்குவதற்கு முன் இடங்களின் வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பகுதியின் விமானத் தடங்கள் பெரும்பாலும் ஜோகன்னஸ்பர்கை மையமாகக் கொண்டு சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிகின்றன. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே நேரடி விமானம் இல்லாமல், மீண்டும் மையத்துக்கே வந்து திரும்ப வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படும். ஆப்பிரிக்க வான்வழிச் சந்தையைத் திறந்துவிட 1999இல் யமுசுக்ரோ தீர்மானமும், 2018இல் ஒற்றை வான்போக்குவரத்துச் சந்தைத் திட்டமும் வந்த பின்னரும் இந்த அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை. ஆகவே, ஆரங்களில் முன்னும் பின்னுமாக அலையாமல் ஒரு வளைவாகச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

உங்கள் பட்டியலுக்கு நான் பரிந்துரைப்பது இது: ஜோகன்னஸ்பர்க், க்ரூகர், மீண்டும் ஜோகன்னஸ்பர்க் வந்து போட்ஸ்வானா நாட்டிலுள்ள மாவுன், அங்கிருந்து ஒகவாங்கோ, பிறகு அதே நாட்டின் வடக்கு எல்லையிலுள்ள கசானே, சாலை வழியாக ஜிம்பாப்வேயிலுள்ள விக்டோரியா அருவி, அங்கிருந்து நேரடி விமானத்தில் கேப் டவுன். ஊர் திரும்பும் விமானத்தைக் கேப் டவுனிலிருந்தே பதிவு செய்தால் ஜோகன்னஸ்பர்குக்கு மூன்றாம் முறை வரும் வேலை மிச்சமாகும்.

இந்த வழியில் இரண்டு இடங்களைக் கவனித்துப் பாருங்கள். மாவுனிலிருந்து கசானேவுக்குச் சாலையில் செல்வதானால் நாட்டா என்ற ஊர் வரை கிழக்கே போய் மீண்டும் வடக்கே ஏற வேண்டும். ஏறத்தாழ 600 கிலோமீட்டர், அதாவது ஒரு முழுப் பகல். அதே தொலைவைச் சிறு விமானம் நேர்கோட்டில் கடந்துவிடும் என்பதால் அங்கே விமானத்துக்குச் செலவிடும் பணம் வீண் அல்ல. மாறாக, கசானேவிலிருந்து விக்டோரியா அருவி ஊர் சுமார் 80 கிலோமீட்டர்தான். கசுங்குலா எல்லைச் சாவடியில் ஆகும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்தில் காரிலேயே போய்விடலாம். க்ரூகர் விஷயத்தில் இரண்டும் சரியே. ஸ்குகுசா விமான நிலையம் சரணாலயத்துக்கு உள்ளேயே இருப்பதால், தாயாரை ஐந்து மணி நேரம் காரில் உட்கார வைக்காமல் ஒரு மணி நேர விமானத்தில் அழைத்துச் செல்வதையே நான் விரும்புவேன்.

இனித் தனித்தனி டிக்கெட் பற்றி. ஒரே டிக்கெட்டில் அடங்கிய இரண்டு விமானங்களில் முதலாவது தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக வாங்கினால் அந்த இழப்பு முழுவதும் உங்களுடையது. மாவுன் போன்ற ஊர்களுக்கு நாளொன்றுக்குச் சில விமானங்களே உண்டு என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் மறுநாள் வரை காத்திருக்க நேரலாம். அந்த இரவுக்கு ஒகவாங்கோ முகாமில் நீங்கள் முன்பணமாகக் கட்டிய தொகை, மலிவு டிக்கெட்டில் மிச்சப்படுத்தியதைவிடப் பல மடங்காக இருக்கும். ஜோகன்னஸ்பர்கில் வந்திறங்கும் அன்றே க்ரூகர் செல்வதாக இருந்தால், பெட்டியில் கடைசி ஊரின் பெயர் ஒட்டப்பட்டிருந்தாலும் அதை அங்கே எடுத்துச் சுங்கச் சோதனையை முடித்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இதற்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். மலிவு விலை உள்நாட்டு விமானங்கள் சில, ஜோகன்னஸ்பர்கின் முதன்மை விமான நிலையமான ஓ.ஆர். தாம்போவிலிருந்து அல்லாமல் நகரின் வடமேற்கே உள்ள லான்சீரியா நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. டிக்கெட்டில் ‘ஜோகன்னஸ்பர்க்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் பலர்.

எந்தச் சீட்டையும் கடன் அட்டையிலேயே வாங்குங்கள். ஏர் நமீபியா 2021 பிப்ரவரியிலும், தென்னாப்பிரிக்க விமான நிறுவனங்களான மேங்கோ அதே ஆண்டு ஜூலையிலும், காமேர் 2022 நடுவிலும் சேவையை நிறுத்தியபோது பணம் கட்டியிருந்த பயணிகள் தவித்தனர். அட்டையில் கட்டியிருந்தால் வங்கி மூலம் தொகையைத் திரும்பக் கோருவதற்கு ஒரு வழியாவது இருக்கும்.

உங்கள் திட்டத்தில் உண்மையிலேயே இடிக்கப்போவது அந்த 23 கிலோ சூட்கேஸ்கள். மாவுனிலிருந்து முகாம்களுக்குச் செல்பவை பெரும்பாலும் செஸ்னா வகை ஒற்றை எஞ்சின் விமானங்கள்; பெரியதான கேரவனில் சுமார் 12 பேரும், சிறியதில் ஐந்து பேரும் அமரலாம். இவற்றில் ஒருவருக்கு அனுமதிக்கப்படும் எடை, கைப்பையையும் கேமராவையும் சேர்த்து, நிறுவனத்தைப் பொறுத்து 15 முதல் 20 கிலோ. எடையைவிட வடிவமே பெரிய தடை: கேரவனின் வயிற்றுப் பகுதியில் உள்ள சரக்கு அறையின் கதவு தாழ்வானது, குறுகலானது, சக்கரமும் உலோகச் சட்டமும் உள்ள பெட்டி அதற்குள் நுழையாது, மடித்துத் திணிக்கக்கூடிய துணிப்பைதான் நுழையும். கூடுதல் கட்டணம் கட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். உள்ளே நுழையாத பெட்டியைப் பணம் உள்ளே தள்ளாது. பெட்டியை மாவுனிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பார்கள். அது மாவுனுக்கே திரும்புபவர்களுக்குப் பொருந்தும். கசானே வழியாக வெளியேறும் உங்களுக்குப் பொருந்தாது. ஆதலால் ஊரிலிருந்து புறப்படும்போதே ஆளுக்கொரு துணிப்பையோடு கிளம்பிவிடுங்கள். முகாம்கள் பலவற்றில் துணி துவைத்துத் தருவதால் மூன்று நான்கு மாற்றுடைகள் போதும்.

சிறு விமான நிறுவனம் பதிவின்போது உடல் எடையைக் கேட்கும். கூச்சத்தில் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் யார் எங்கே அமர்வது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்று விமானி கணக்கிடுகிறார்; சுமார் 100 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் கூடுதல் இருக்கைக்குப் பணம் கட்ட நேரலாம். மாவுன் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வெயில் ஏறும்போது காற்று மேலும் அடர்த்தி குறைந்து விமானத்தின் தூக்குவிசை குறைகிறது, அதனால் எடைக் கணக்கில் அவர்கள் தளர்வு காட்டுவதில்லை. மண் ஓடுதளங்களில் விளக்கு கிடையாது என்பதால் இருட்டிய பின் பறப்பதும் இல்லை. ஜோகன்னஸ்பர்கிலிருந்து மாவுனுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குள் சேரும்படியான விமானத்தையே எடுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, இந்த வழியில் நீங்கள் தென்னாப்பிரிக்காவுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: முதலில் ஜோகன்னஸ்பர்கில், பிறகு அருவியிலிருந்து கேப் டவுனில். ஒருமுறை நுழைவதற்கு மட்டுமான விசா இருந்தால் இரண்டாவது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பலமுறை நுழைவு விசாவை விண்ணப்பத்திலேயே கேட்டு, வந்தவுடன் சரிபாருங்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகச் செல்வதானால், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். தாயாரின் வயதை முன்னிட்டு மருத்துவரிடம் கலந்து பேசாமல் அந்த ஊசியைப் போட வேண்டாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதன் கடுமையான பக்க விளைவுகளின் வாய்ப்பு கூடுதல். அவர் பொருட்டாவது வளைகுடா வழியாகச் செல்வதை நான் தேர்ந்தெடுப்பேன்.

சிறு விமானம் ஷேர் ஆட்டோவைப் போல இடையில் ஓரிரு முகாம்களில் இறங்கி ஆள் ஏற்றிச் செல்லும். அதில் கழிப்பறை இல்லை. செப்டம்பர் இறுதியில் நண்பகலுக்குப் பிறகு தரையின் வெப்பம் மேலெழும்பி விமானத்தைக் குலுக்கும். ஆகவே தாயாருடன் முகாமை விட்டுக் கிளம்பும் நாளில் காலை விமானத்தையே கேட்டுப் பதிவு செய்யுங்கள். புறப்படும் சரியான நேரத்தை முகாமில் முந்தைய நாள் மாலைதான் சொல்வார்கள், அதற்குத் தக்கவாறு அவருடைய மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.