சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி: எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில், வலது சிறுநீரகத்தில் 3 செ.மீ. அளவில் ‘ஆஞ்சியோமயோலிபோமா’ இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. வலி எதுவும் இல்லை. ‘கட்டின்னாலே எடுத்துடணும்’ என்கிறார் நாத்தனார். இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருந்தோம். 6 வயது மகளுக்கும் ஸ்கேன் பார்க்க வேண்டுமா?

பதில்: பெயர்தான் பயமுறுத்துகிறது. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்து வளர்ந்த கட்டி இது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. உங்களைப் போலவே வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் பலருக்கும் தெரியவரும்.

உங்களுக்கு எடுத்தது அல்ட்ராசவுண்ட் மட்டும் என்றால், அதோடு நிறுத்த வேண்டாம். கொழுப்புள்ள கட்டி அதில் வெள்ளையாகத் தெரியும். சில சிறிய புற்றுநோய்க் கட்டிகளும் அப்படியே தெரியும். சிடி ஸ்கேனிலோ எம்.ஆர்.ஐ.யிலோ கட்டிக்குள் கொழுப்பு இருப்பது உறுதியானால் பெருமளவு நிம்மதி. கொழுப்பு தெரியாவிட்டால் சிறுநீரக அறுவைச் சிகிச்சை நிபுணர் (யூராலஜிஸ்ட்) ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லலாம்.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? ரத்தக்கசிவில். இந்தக் கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் வலுவற்றவை, ஆங்காங்கே பலூன் போல உப்பும். 4 செ.மீ. தாண்டினால் கவனம் கூட்டுவது நெடுநாள் வழக்கம். என்னைக் கேட்டால், 5 மி.மீ.க்கு மேல் உப்பிய ரத்தக்குழாய் உள்ளே இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிகிச்சை தேவைப்பட்டாலும் உடனே கத்தி இல்லை. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் நான் நின்று யோசிப்பது கர்ப்பம் குறித்துத்தான். அந்த மாதங்களில் இது வளரவும் கசியவும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. முயற்சி தொடங்குமுன் யூராலஜிஸ்டையும் மகப்பேறு மருத்துவரையும் கலந்துபேசுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மகளுக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை. ஒற்றைக் கட்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. இரண்டு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருந்தால்தான் ‘டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்’ என்ற மரபணுக் கோளாறைத் தேட வேண்டும் (பெயரைப் பார்த்து டி.பி. என்று நினைத்துவிட வேண்டாம்). அந்தக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு, தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டு, மூக்கைச் சுற்றிச் சிறு சிவப்புப் பருக்கள் வரலாம். உங்களுக்கோ மகளுக்கோ இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திடீரென்று விலாவில் கடும் வலி, மயக்கம், சிறுநீரில் ரத்தம் என்றால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி வருடம் ஒருமுறை ஸ்கேன். அப்போது பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். போன வருடம் 3.0, இந்த வருடம் 3.2 என்றால் அது கட்டி வளர்ந்ததாலா, அளந்தவர் கை மாறியதாலா என்று அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.